கத்தாத விசிட்டர்

பென்னாகரத்து மாடி அறையில் லேப்டாப் திரைமேல் காலை வெயில் விழுகிறது. கோகிலவாணி எழுதிய 'விசிட்டர் கிளாஸ்' என்ற சோதனை நிரல், வாடிக்கையாளரின் நிரலுக்குள் புகுந்து வரிவரியாகப் பிழை தேடுகிறது. நிரல்மொழியின் புதிய பதிப்பில் வந்த வாக்கிய வகையை மட்டும் பார்க்காமலே தாண்டிப் போய், "பிழை இல்லை" என்று பச்சையாக ஒளிர்கிறது. வாடிக்கையாளரின் நிரல் நேற்று ஓடாமல் நின்றுபோனது, அது தாண்டிப் போன அந்த வரியில்தான். கீழே ஒகேனக்கல் பஸ் அடிக்கும் ஹாரனையும் மீறி, போனில் டீம் லீடர் சந்திரமோகன் கத்துகிறார்: "தெரியாத வகை வந்தா எரர் காட்டணும்னு உனக்குத் தோணலையாம்மா?" தோன்றியது, எழுதியும் வைத்தாள். டெமோவில் சிவப்பு தெரியக் கூடாதென்று அந்த வரியை அணைக்கச் சொன்னவர் அவர்தான். அது இன்னும் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அதை இயங்கவிடாமல் முன்னால் நிற்கும் சாய்கோடுகளை அழிக்கிறாள். திரை சிவக்கிறது. "எரர் காட்டுதுங்க சார்" என்கிறாள். "இப்பத்தான் சரியா யோசிச்சிருக்கே" என்கிறார். "அடுத்த டெமோ எப்பங்க சார்?" என்று கேட்கிறாள்.