மூன்றாவது மாமரம்

பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று கோவர்த்தனன் மறுபடியும் சொன்னான்.

ரிசார்ட்டின் குழந்தைகள் குளத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை. நீல டைல்ஸ் வெயிலில் மினுங்கியது. பெங்களூரில் இருந்து வந்த நாலைந்து பிள்ளைகள் உள்ளே கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மொட்டை. திருமலையில் முடியிறக்கிவிட்டு நேராக இங்கே வந்தவர்கள். தலைச் சந்தனத்தைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று தெலுங்கில் ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

சாய்குமாருக்கும் முந்தின நாள்தான் மொட்டை. இரண்டு வயது. அப்பாவின் இடுப்பில் இருந்து நழுவி நழுவித் தண்ணீரைப் பார்த்துக் கை நீட்டினான்.

யாமினி மகனின் கன்னத்தைக் கிள்ளினாள். "பாலைவனத்துல வண்டி ஓட்டிக்கினு இருக்கிற மனுசன், தண்ணியக் கண்டு பயப்படறதப் பாருடா."

அவன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டான். செருப்பை வந்தவுடனே கழற்றி ஓரமாக வைத்திருந்தான். சுடும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான்.

சித்தூர் சாலையில் இருக்கும் இந்த இடத்துக்கு அவர்கள் வருவது மூன்றாவது தடவை. அவன் குவைத்தில் இருந்து லீவில் வந்தால், திரும்பிப் போவதற்கு முன் இங்கே ஒரு பகல். ரூம் கிடையாது. காலை பத்தில் இருந்து நாலு மணி வரை, மதியச் சாப்பாட்டோடு. ரிசப்ஷனில் இருந்த பெண் அவர்களை அடையாளம் கண்டுகொண்டு குழந்தைக்கு ஒரு சாக்லேட் கொடுத்தாள். எங்கள் ஹோட்டல் உங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா என்று தெலுங்கில் கேட்டாள். யாமினி தலையாட்டினாள்.

அவளுடைய கைப்பையில் ஒரு பால் பாட்டில் இருந்தது. சாய்குமார் பாட்டிலை மறந்து ஆறு மாதம் ஆகிறது.

போன தடவை பாதிப் பால் ஊற்றும்போதே காவலாளி பார்த்துவிட்டான். புல்தரையில் காலை வைக்கக் கூடாதென்று எல்லார் முன்னாலும் அதட்டித் துரத்தினான். மீதிப் பாலோடு வீட்டுக்குப் போனவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்தத் தடவை முழுசாக ஊற்றிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒரு மணிக்குக் காவலாளி சாப்பிடப் போனான்.

யாமினி எழுந்தாள். சாலைப் பக்கத்தில் இருந்து மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது மாமரத்தடியில் உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்தாள்.

இந்த இடம் கோவர்த்தனனுடைய அப்பாவின் மாந்தோப்பு.

முதல் பெண் ஒன்பது மாதத்தில் காய்ச்சலில் போனபோது, ரேணிகுண்டா வாடகை வீட்டில் இருந்து இங்கேதான் கொண்டுவந்து புதைத்தார்கள். ஆண்கள் மட்டும் வந்தார்கள். பெண்கள் வரும் வழக்கம் இல்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கல் வைக்கிற வழக்கமும் இல்லை, தெவசமும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இந்தத் தோப்பைப் பார்த்திருந்த யாமினி, குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வாசலில் நின்றவனிடம் ஒன்றுதான் கேட்டாள். எந்த இடம்?

சாலையில் இருந்து மூன்றாவது மரம் என்றான்.

அது உண்மை.

அடுத்த வருடம் தோப்பை விற்றுத்தான் அவனுக்கு விசா வாங்கினார்கள். மரத்தில் கை வைக்க மாட்டோம் என்று வாங்கியவர்கள் சொன்ன பிறகுதான் யாமினி சரி என்றாள்.

அவள் திரும்பி வந்தாள். பாட்டில் காலி. முகம் லேசாகியிருந்தது. கையில், கீழே விழுந்து கிடந்த ஒரு மாம்பழம்.

"அந்த ஒரு மரம் மட்டும் எப்டிக் காச்சிருக்குது பாத்தீங்களா? மத்ததுல ஒண்ணுமே இல்ல" என்றாள். பழத்தைத் துடைத்துக்கொண்டே, "அவ கீழ இருக்கா இல்ல" என்றாள்.

அவன் ஆமாம் என்றான்.

வந்த வேலை முடிந்துவிட்டது, இனி இவனாவது விளையாடட்டும் என்று சொல்லி, அவன் இடுப்பில் இருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக் குளத்துக்குள் இறங்கினாள். கோவர்த்தனன் விளிம்பு வரை வந்தான். அங்கேயே நின்றான்.

கடைசிக் கையெழுத்துக்காக அவன் இங்கே வந்த அன்றைக்கே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் குளத்துக்கு இடம் போதவில்லை, அதனால் ஒரே ஒரு மரம் மட்டும் என்று மேஸ்திரி சொன்னான். மரம் சாய்ந்தது. வேரோடு வந்த மண்ணை லாரியில் ஏற்றினார்கள். லாரி எங்கே போனது என்று அவன் கேட்கவில்லை. மர நிழலில் மேசை போட்டிருந்தார்கள். போய்க் கையெழுத்துப் போட்டான்.

இப்போது மூன்றாவதாக நிற்பது அன்றைக்கு நாலாவது மரம்.

"நீங்களும் வாங்க, தண்ணி ஜில்லுனு இருக்குது" என்று யாமினி கூப்பிட்டாள்.

சாய்குமார் அவள் கையில் இருந்த பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கினான். அடியில் ஒட்டியிருந்த பால் வெள்ளையாகக் கிளம்பி, நீல டைல்ஸின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

அவன் கைதட்டிச் சிரித்தான். மறுபடியும் முக்கினான்.