வண்டியில் ஏறிய பொம்மை

ஜெர்மனியில் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் சிற்றூரில் வருடாவருடம் திருவிழா ஊர்வலம் நடக்கும். அதே நாளில் பெங்களூரு வைட்ஃபீல்ட் அலுவலகத்திலும் ஒரு குட்டி ஊர்வலம். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் அந்த ஊருக்கு அழைத்துப்போக ஒருவரைத் தேர்ந்தெடுப்பார் பெரிய அதிகாரி க்ளாஸ்.

இளவேனில் அந்த இடத்துக்காக ஏங்கினாள். அது ஸ்ரீலக்ஷ்மிக்குப் போய்விடக் கூடாது என்று அதைவிட அதிகமாக ஏங்கினாள்.

அதற்காகத்தான் ஊர்வலத் தள்ளுவண்டியில் அவள் செய்து வைத்த அந்தக் காகிதப் பொம்மை. ஸ்ரீலக்ஷ்மியின் சுருட்டை முடி, அகலத் திறந்த வாய், கழுத்தில் பெரிய மைக். ஆன்லைன் மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்து, கஸ்டமரை அவர் காதுபடவே "லூசு" என்று சொன்னவள் ஸ்ரீலக்ஷ்மி.

ஆபீஸே சிரித்தது.

"இவ்ளோ விஷமாடி உனக்கு?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"விளையாட்டுக்குத்தான்பா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று கன்னடத்தில் சமாளித்தாள் இளவேனில்.

க்ளாஸ் வண்டியருகே வந்து நின்றார். "யார் இது?"

இளவேனில் முந்திக்கொண்டு ஸ்ரீலக்ஷ்மியைக் காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் மனம் குளிர்ந்தது.

க்ளாஸ் ஸ்ரீலக்ஷ்மியின் கையைப் பற்றிக் குலுக்கினார். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிடித்தவர்களைத்தான் இப்படி வண்டியில் ஏற்றிக் கேலி செய்வோம். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அடுத்த வருடம் நீங்கள்தான் வருகிறீர்கள்."

கைதட்டல் அடங்கியதும் ஸ்ரீலக்ஷ்மி, இளவேனிலின் காதருகே குனிந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்டி. இனிமே இந்த ஆபீஸ்ல உன்னை யாரும் கேலி பண்ணாம நான் பாத்துக்கறேன்."