வாளிக்குள் எடுத்த படம்

கிரணுக்கு நீச்சல் தெரியாது. ஆயினும், கடலில் மிதந்தபடி மீன்களைப் பார்க்கும் அந்தமான் பயணத்துக்கு அவன் மனைவி சங்கமித்ரா பிடிவாதமாகப் பதிவு செய்துவிட்டாள். நீருக்குள் படமெடுக்கும் மலிவான கேமரா ஒன்றைத் தேடி, பொம்மனஹள்ளியில் பழைய கேமராக்கள் விற்கும் கிருஷ்ணப்பாவின் கடைக்கு இருவரும் வந்தனர். வழியெல்லாம் சண்டை.

"நீந்தத் தெரியாத மூஞ்சிக்குக் கேமரா ஒண்ணுதான் கேடு," என்று சங்கமித்ரா வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"நான் சாவட்டும்னுதானே கூட்டிட்டுப் போற?" என்றான் கிரண்.

"வீட்டுச் சண்டை ஜகளாவ வீட்ல வெச்சுக்கோங்க சார்," என்ற கிருஷ்ணப்பா, நீர் புகாது என்று காட்ட, தம் வழக்கப்படி நீர் நிரம்பிய வாளியின் அடியில் ஒரு கேமராவை மேல்நோக்கிப் பிடித்துப் படமெடுத்தார். கிரண் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

துடைத்துத் தந்த கேமராவின் திரையில் கடையின் கூரையும் இல்லை, அவன் முகமும் இல்லை. வெயிலில் பளபளக்கும் நீர்ப்பரப்புக்கு மேலே ஒரு படகின் விளிம்பு தெரிந்தது. அதன்மேல் குனிந்து, சங்கமித்ரா ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளோ வாசற்படியை விட்டு அசையவே இல்லை.

"ஒரு சொட்டு உள்ள போகல சார், கேரண்டி," என்றார் கிருஷ்ணப்பா.

வேண்டாமென்று கிரண் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அதற்குள் சங்கமித்ரா வந்து கேமராவைப் பிடுங்கி, வெகுநேரம் திரையைப் பார்த்தாள். அன்று முதன்முறையாக அவள் குரல் தணிந்தது.

"இதையே வாங்கிக்கலாம்யா. என் மூஞ்சி எவ்ளோ தெளிவா வந்திருக்கு, பாரு."

படத்தில் அவளுடைய இரு கைகளும் படகின் விளிம்பைப் பற்றியிருந்தன. ஒன்றையேனும் அவள் நீரை நோக்கி நீட்டியிருக்கவில்லை.