கரண்டித் தண்ணீர்

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்த நூலகப் பின்கட்டே அதிர்ந்திருக்க வேண்டும்.

சத்தம் போட்டுப் பழக்கமில்லை. மூக்கு மட்டும் சிவந்தது.

தைக்க வேண்டிய பழைய பிரசுரங்களை மூன்று பைகளில் பிரித்துக் கொடுத்திருந்தாள். கவிதை ஒரு பை. நாடகம் ஒரு பை. மற்றதெல்லாம் ஒரு பை. ஒவ்வொன்றின் மேலும் சீட்டு. சீட்டின் மேல் டேப்.

பைண்டர் மைதீன் பிச்சை மூன்றையும் ஒன்றாகக் கொட்டி, உயரம் பார்த்து அடுக்கி, தைத்து, அட்டை போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"பெருசையும் சிறுசையும் சேத்துத் தச்சா புஸ்தகம் நிக்காதுல்லா டீச்சர்."

அவர் தொழிலுக்கு அது சரிதான்.

எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. இருநூற்று அறுபது வருடங்களுக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக்காரர். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துரை இந்தக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போன சின்னச் சின்னப் பிரசுரங்கள்.

பேனா கையில் இருந்தால் சும்மா இருக்க மாட்டாத மனிதர். சாவு வீட்டுக்குப் பிரசங்கம் எழுதுவார். அதே வாரம், வயிறு வலிக்கச் சிரிக்கும்படி ஒரு நாடகம் எழுதுவார். தெருவிளக்கு எண்ணெயில் கலப்படம் என்று நகரசபைக்கு முப்பது பக்கம். தேனீ வளர்க்க ஒன்று. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஒன்று. குதிரைகளுக்கு வரும் நோய்களுக்கு ஒன்று.

பதினெட்டு வருடமாக அவரோடுதான் அவளுக்குக் குடித்தனம் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அவள் மறுத்ததில்லை.

அவரைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் அச்சுக்குக் காத்திருந்தது. மெய்ப்பு கைப்பையில் இருந்தது. இன்று மதியத்துக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும்.

புத்தகத்தின் தலைப்பு 'எழுதாத ஆண்டு.'

1763 மார்ச்சில் அவருடைய ஒன்பது வயது மகள் தொண்டை அடைப்பானில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. துக்கம் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டது.

அந்தக் கடைசி வரியை எந்தக் கருத்தரங்கில் வாசித்தாலும் கூட்டம் ஒரு நிமிடம் அசையாது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே.

"இங்க பாருங்க பாய்." தொகுதியைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். "ஜெபத்துக்குப் பக்கத்துல குதிரை இருமிக்கிட்டு நிக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தையல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அவள் இன்னொரு பக்கம் புரட்டினாள். குதிரைப் புத்தகத்தின் முன்னுரை முடிகிற இடம். கீழே, பொடி எழுத்தில்:

அக்டோபர் 1763.

விரல் அங்கேயே நின்றது.

அந்தப் புத்தகத்தை அவள் ஒரு நாளும் திறந்ததில்லை. முகப்பில் ஆண்டு கிடையாது. யாரோ பழைய பட்டியல்காரர் 'ஆண்டு தெரியவில்லை' என்று எழுதிவைத்திருந்தார். அதையே அவளும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். குதிரை மருந்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று ஒரு அலட்சியம்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

நொண்டிக்கு ஒரு பத்தி. குளம்பு வெடிப்புக்கு ஒரு பத்தி. வயிற்றுப் பூச்சிக்கு ஒன்றரை. எந்த வண்டிக்காரனுக்கும் புரிகிற மாதிரி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். என்ன மனிதர் இவர் என்று இப்போதும் தோன்றியது.

பிறகு, தொண்டை அடைத்த குட்டிகள்.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. மைதீன் பிச்சைக்கே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தனியே விடாதீர்கள். மருந்து கேட்காவிட்டாலும் பக்கத்திலேயே இருங்கள். ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் நின்றால் குட்டி பயந்துவிடும். விழுங்க முடியாமல் போகும்போது, கரண்டியில் தண்ணீர் எடுத்து உதட்டை மட்டும் நனையுங்கள்.

மைதீன் பிச்சையின் தகப்பனார் மேலப்பாளையத்தில் முப்பது வருடம் குதிரை வண்டி ஓட்டியவர்.

"குதிரைக்குக் கரண்டில தண்ணியா?" என்றார் மைதீன் பிச்சை. "யாரு டீச்சர் குடுப்பா? எங்க வாப்பா வாளிலல்லா வைப்பாவ."

அவள் மறுபடி அந்த வரிக்கே போனாள்.

உதட்டை மட்டும்.

எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்படியும் கலங்கித்தான் தெரிந்தன.

மகளைப் புதைத்த ஏழாம் மாதம். ஊரார் குதிரைகளுக்கு மருந்து எழுத உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறார். தாண்டிப் போய், அடுத்து கண்ணில் நீர் வடியும் குதிரைக்கு என்ன செய்வது என்றும் எழுதி முடித்திருக்கிறார்.

அவரைத்தான் அவள் ஒரு வருடம் வாயடைத்து உட்கார வைத்திருந்தாள். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தாள். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது.

"வேணும்னா பிரிச்சு, நீங்க சொன்னாப்ல தச்சுத் தாரேன் டீச்சர். ரெண்டு நாள் ஆவும்."

"வேண்டாம் பாய். இப்படியே இருக்கட்டும்."

கைப்பேசி அடித்தது. பதிப்பகத்துக்காரர்.

"மேடம், நீங்க ஓகே சொன்னா மெஷின்ல ஏத்திருவேன்."

"ஏத்தாதீங்க. தலைப்பு தப்பு."

"அட்டை அடிச்சாச்சே மேடம்! எல்லாரும் பிரமாதம்னு சொன்ன தலைப்பு. அதுல என்ன தப்பு?"

திறந்திருந்த பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"எழுதியிருக்காரு," என்றாள்.