ஒரே ஒரு வெள்ளைப் பட்டன்

“யாரு அந்த ஒத்த வெள்ளைப் பட்டனைப் போட்டது? தைரியம் இருந்தா முன்னால வரட்டும்.”

கட்டிங் மாஸ்டர் போட்ட சத்தத்தில் தையல் கூடமே கப்சிப் ஆகிவிட்டது. எண்ணி நாலு வார்த்தை பேசுகிற மனிதர். அன்றைக்கு மேஜையை ஓங்கித் தட்டினார்.

விஷயம் இதுதான். பக்கத்து நாட்டோடு சண்டை தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அவர்களே, “பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வாருங்கள்” என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். போவதா, வேண்டாமா? ஒவ்வொரு தொழிற்கூடமும் தன் முடிவைக் கடிதமாக எழுதி இன்று மதியத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று அரசாங்க உத்தரவு.

இவர்கள் ராணுவத்துக்குச் சட்டை தைக்கிறவர்கள். சூப்பர்வைசரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். காலையிலிருந்தே வாய்ச்சண்டைதான்.

“இத்தனை பேரைப் பறிகுடுத்துட்டு, இப்பப் போய்க் கை குலுக்கவா?” என்றார் காலர் தைக்கிறவர்.

“ரெண்டுல ஒண்ணு பாத்துரணும்,” என்றார் பட்டன் அக்கா.

“பேசித்தான் பாத்தா என்ன, வாயா தேஞ்சிரும்?” என்று இஸ்திரிக்காரர் மட்டும் மெல்ல ஆரம்பித்தார். எல்லோரும் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள். “சும்மா கேட்டேம்பா” என்று ஏற்கெனவே தெளித்த துணிக்கே மறுபடி தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

கடைசியில் சூப்பர்வைசர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கறுப்புப் பட்டன். வெள்ளை என்றால் பேச்சுவார்த்தை, கறுப்பு என்றால் சண்டை. மூடின கையோடு வந்து, துணி போர்த்திய டப்பாவுக்குள் ஒன்றைப் போட வேண்டும். மற்றது பக்கத்தில் எல்லாப் பட்டனும் கலந்து கிடக்கும் பைக்குள். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசரும் போட்டார்.

பிறகு அவர் துணியை விலக்கி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. சட்டென்று மூடியை அழுத்தி மூடினார்.

“பன்னெண்டு கறுப்பு. ஒரு வெள்ளை.”

அப்போதுதான் மாஸ்டர் கத்தினார்.

வெள்ளைப் பட்டனைப் போட்டவரே அவர்தான்.

மகனுக்குப் பதினெட்டு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. திங்கட்கிழமை ராணுவ முகாமுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பேச்சுவார்த்தை என்று முடிவானால் அது நின்றுபோகும். போன மாதத்திலிருந்து ஆர்டரில் சின்ன அளவுச் சட்டைகளே அதிகம். அதையெல்லாம் யார் போட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று வெட்டுகிறவருக்குத் தெரியாதா?

ஆனால் பன்னிரண்டு பேருக்கு நடுவில் ஒற்றை ஆளாக மாட்டிக்கொண்டால்? மகனைக் காப்பாற்ற நாட்டைக் காட்டிக்கொடுக்கிறான் என்பார்கள். வேலையும் போகும். பயத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டு கத்திவிட்டார்.

“கூடவே உக்காந்து தைக்கிற துரோகி,” என்றார் பட்டன் அக்கா.

“வெக்கமா இருக்கு,” என்றார் இஸ்திரிக்காரர்கூட.

சூப்பர்வைசர் கையமர்த்தினார். “விடுங்க. ஒருத்தரால நம்ம எல்லார் பேரும் கெட வேணாம். ஏகமனதா சண்டைன்னே எழுதிடறேன். யாரு முதல் கையெழுத்து?”

“குடுங்க இப்படி,” என்று மாஸ்டர் பேனாவை வாங்கினார்.

பதின்மூன்று கையெழுத்தும் விழுந்ததும், கடிதத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் பட்டன் அக்காவுக்குக் கறுப்புப் பட்டன் தீர்ந்துபோனது.

“பையில கெடந்த கறுப்பெல்லாம் தச்சாச்சு மாஸ்டர். அந்த டப்பாவுல பன்னெண்டு இருக்குமே, எடுங்களேன்.”

மூடியைத் திறந்த மாஸ்டர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

“என்ன மாஸ்டர்?” அக்காவும் எட்டிப் பார்த்தார்.

அத்தனையும் வெள்ளை. மாஸ்டர் மேஜையில் கொட்டி எண்ணினார். பதின்மூன்று. கறுப்பு மருந்துக்குக்கூட இல்லை.

“அக்கா, நீங்களுமா?”

“என் தம்பி அங்க எல்லையில கெடக்கான் மாஸ்டர்.”

“அப்புறம் ஏன் துரோகி அது இதுன்னு பேசுனீங்க?”

“நீங்க ஏன் கத்துனீங்க?”

பதின்மூன்றில் ஒன்று சூப்பர்வைசருடையது என்று உறைத்ததும் மாஸ்டர் போனை எடுத்தார்.

“சார், கடிதத்தைக் குடுத்துடாதீங்க. டப்பாவைத் தொறந்து பாத்துட்டோம்.”

“குடுத்துட்டேன் மாஸ்டர். அத்தனையும் வெள்ளையாப் பாத்ததும் பயந்துட்டேன். ஊர் பூரா கறுப்பு போடறப்ப நாம மட்டும் வெள்ளைன்னு எழுதினா நம்ம கதி என்ன ஆகும்? ஒண்ணு மட்டும் வெள்ளைன்னு சொன்னா, அவங்கவங்க தன்னுதுன்னு நெனச்சு வாயை மூடிக்குவாங்கன்னு...”

“திருப்பி வாங்குங்க சார். திங்கக்கிழமை என் பையன் போகணும்.”

“முடியாது மாஸ்டர். நாப்பது கூடத்துக் கடிதமும் வந்து கட்டாக் கட்டியாச்சு. நாப்பதும் ஏகமனதா சண்டைதான்.”

“நாப்பதுமா?”

“நாப்பதும்தான்.” “கொண்டுவந்த சூப்பர்வைசருங்க எல்லாரும் இங்க வராண்டாவுலதான் நிக்கிறோம். யாரும் யாரோட மூஞ்சியையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டேங்கிறாங்க மாஸ்டர்.”