கனடாக்காரன்

அழைப்புமணி விடாமல் கத்தியது.

பல் துலக்கிக்கொண்டிருந்த உமாசுதன், பிரஷை வாயில் வைத்தபடியே ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

சிவபாலன் நின்றார். இன்று ஊர் திரும்பும் நாள், சாவி வாங்க வருவார் என்று தெரியும். கையில் ஒரு பொட்டலத்தோடு வருவார் என்று தெரியாது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்சந்தில் இருக்கும் இந்த வாடகை வீட்டைச் சுத்தம் செய்வதும், வந்து தங்குகிறவர்களுக்குச் சாவி கொடுப்பதும் அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் இத்தாலியின் இந்தப் பலெர்மோவுக்கு வந்தவர்.

முதல் நாள் படியேறி வந்த உமாசுதனைக் கண்டதும் தமிழில்தான் கேட்டார். "எவடத்திலை இருந்து வாறியள் தம்பி?"

"கனடா அண்ணை."

பொய். அவன் இருப்பது நியூ ஜெர்சியில்.

அந்தப் பொய் ரோமில் பிறந்தது. அங்கே அமெரிக்கா என்று உண்மையைச் சொன்னான். இத்தாலியச் சீஸுக்கு வரி போட்டதே அவன்தான் என்பதுபோல, டாக்சிக்காரர் விமான நிலையத்திலிருந்து ஹோட்டல்வரை வகுப்பெடுத்தார். அந்த வரியையும் சேர்த்துக் கொடுத்து அதே சீஸை வாங்கித் தின்கிறவனும் தான்தான் என்பதை எந்த மொழியில் விளக்குவது?

மறுநாள் காப்பிக்கடைக்காரர், அடுத்த தேர்தலிலும் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்டார். அவன் போட்டது தோற்றுப்போன வாக்கு. சொன்னான். இங்கே வருகிற அமெரிக்கர் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், பிறகு ஜெயிக்க வைத்தது யார் என்றார் அவர்.

அன்றோடு கனடாக்காரன் ஆகிவிட்டான்.

நல்ல பலன் இருந்தது. நேற்று வுச்சீரியாச் சந்தையில் அவித்த கணவாய் விற்றவர், கனடா என்றதும் எலுமிச்சையை இன்னொரு தரம் பிழிந்துவிட்டார்.

சிவபாலனிடமும் பழக்கத்தில் அதே வந்துவிட்டது. அவர் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு, "என்ர மகளும் கனடாதான்" என்றார்.

அதற்குப் பிறகு எப்படி மாற்றுவது? ஸ்காபரோவில் இருப்பதாகச் சொல்லி வைத்தான். சித்தி வீட்டுக் கலியாணத்துக்கு ஒரு தடவை போன ஊர். அங்கே குளிர் எப்படி, வீட்டு வாடகை எப்படி என்று அவர் காலையில் வந்து கேட்க, இவனும் அளந்துகொண்டிருந்தான்.

பாஸ்போர்ட்டின் படம் வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோராவின் வாட்ஸ்அப்புக்கு முன்பே போய்விட்டது. சாவி கொண்டுவருகிற மனிதருக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இப்போது அவர் பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்புத் துணிக்குள் ஒரு பஞ்சாயுதம். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு எல்லாம் விரல்நகம் அளவு பொன்னில்.

"மகளுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்குது தம்பி. வாற வெள்ளிக்கிழமை பிறந்து முப்பத்தொண்டு. அண்டைக்குக் கழுத்திலை போட வேணும். நகையைத் தபாலிலை போடேலாது. ஆற்றையும் கையிலைதான் குடுத்துவிட வேணும்."

உமாசுதனுக்கு அது தெரியாததல்ல. விமான டிக்கெட் வைத்திருக்கும் எவரும் அவன் ஆட்களுக்குத் தபால்காரர்தான். மிளகாய்த்தூள் முதல் கூறைச்சேலை வரை அவனும் காவியிருக்கிறான்.

வாங்கிக்கொண்டு போய் நியூ ஜெர்சியிலிருந்து கனடாவுக்கு அனுப்பிவிடலாமா? எல்லையில் சுங்கக்காரர் பிரித்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராது. ஒரு குழந்தை அன்று வெறுங்கழுத்தோடு கிடக்கும், அவன் காப்பிக்கடையில் பழகிய ஒரு பொய்க்காக.

அவன் மகளுக்கு முப்பத்தோராம் நாள் போட்ட பஞ்சாயுதம் வீட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

வாயைக் கழுவிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நான் கனடா இல்லை. அமெரிக்கா. இதை என்னாலை கொண்டுபோய்க் குடுக்கேலாது."

சிவபாலன் நிதானமாகத் துணியை மடித்தார்.

"தெரியும். சிஞ்ஞோராவுக்குப் போன் பாவிக்கத் தெரியாது. அந்த வாட்ஸ்அப் என்ர கையிலைதான். தங்கிற ஆக்களின்ர பாஸ்போட்டையும் வீட்டு விலாசத்தையும் பொலிசுக்கு அனுப்பிறதும் நான்தான்."

உமாசுதனுக்குக் காது சுட்டது. "பிறகேன் அண்ணை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியளோ எண்டு பாத்தனான். சொல்லாட்டி, இதைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பன்."

சிவபாலன் பொட்டலத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். படிக்கட்டில் யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தணித்தார்.

"கனடா எண்டு ஊருக்குச் சொல்லுறது, தம்பி. பிள்ளை இருக்கிறது உங்கட நியூ ஜெர்சியிலைதான். அவளுக்கும் புருசனுக்கும் இன்னும் விசாப் பேப்பர் சரிவரேல்லை. இறங்கின உடனை போன் எடுங்கோ, விலாசம் வாயாலை சொல்லுறன்."

உமாசுதன் பொட்டலத்தைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

சிவபாலனே அவன் பெட்டியைக் கீழே தூக்கி வந்தார். விமான நிலைய பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். கதவு மூடப்போகும் நேரத்தில், மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்தவர்போல் கிட்ட வந்தார்.

"வாசலிலை மணி அடிச்சுப்போடாதேங்கோ தம்பி, பயத்திலை திறக்கமாட்டாள். வெளியிலை நிண்டு தமிழிலை கூப்பிடுங்கோ."