மெல்போர்ன் சதுக்கத்துப் பொங்கல்

திருத்தணி மலையடிவாரத்து வீட்டில், காபி டபராவில் சாய்த்து வைத்த கைப்பேசியை ஜம்பகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகஸ்டு பதினைந்து, இங்கே காலை வெயில் இப்போதுதான் கூடத்தில் விழுகிறது, மெல்போர்னில் நடுப்பகல். நகரச் சதுக்கம் முழுக்க மூவர்ணக் கொடி, மேளம், குளிருக்குக் கோட்டு மாட்டிய நம் ஜனம், கூடவே கைதட்டும் வெள்ளைக்காரர்கள், முன்வரிசையில் நகர மேயர். அண்டா முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு அவள் கொழுந்தன் சாய்ராம். பின்னால் பதாகையில், ‘திருத்தணி சமையல் பரம்பரையின் சர்க்கரைப் பொங்கல்’. பரம்பரையில் பிறந்தானே தவிர அடுப்பருகே நின்றவனில்லை.

“அண்ணி, ஐந்நூறு பேரு தட்டோட நிக்கிறாங்க. வெல்லத்தப் போட்டுட்டேன், அரிசி இன்னும் நறுக்நறுக்குனு இருக்கு. இன்னா பண்றது?”

“அரை வேக்காட்டுலயே போட்டுட்டியா?”

“ஆங்.”

அண்ணன் செத்த பதினாறாம் நாள், “தாலியறுத்தவ கல்யாண அடுப்பாண்ட நிக்கக்கூடாது” என்று, கல்யாணங்களுக்குச் சமைத்து வந்த அவளை ஊர் பார்க்க வெளியே அனுப்பியவன் இவன். அன்றோடு அவள் பிழைப்பு போயிற்று. வெல்லம் விழுந்த அரிசி அதற்குமேல் வேகாது. வேறு சோறு குழைய வடித்தால்தான் மானம் தப்பும். ஜம்பகம் சிரிக்கிறாள்.

“ஒண்ணும் ஆகல சாய்ராம். கிளறிகினே இரு, தானா குழைஞ்சிடும்.”

“தெய்வம் அண்ணி நீங்க!”

கொடி ஏறுகிறது. எல்லாரும் அசையாமல் நிற்க, அவன் மட்டும் கிளறுகிறான். வியர்வையில் விபூதி கரைந்து மூக்கில் இறங்குகிறது.

“போதுமா அண்ணி?”

“பார்த்தாலே தெரியுதே, பதம்! மொதல் கரண்டி மேயருக்குப் போடுப்பா.”